அவையில் பதிந்த பெயர்: மக்கள் சார்பாளரின் வாக்கும் பொறுப்பும்

முன்னுரை

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அவையில் அளிக்கும் வாக்கு யாருடையது? அவருடையதா, அவர்தம் கட்சியினுடையதா, அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய மக்களுடையதா? அரசியல் அறிவியலுக்கு உரியதாகத் தோன்றும் இவ்வினா அடிப்படையில் அறவியல் வினாவே ஆகும். பிறர் பெயரால் ஒரு செயலைச் செய்பவர் அச்செயலுக்கு எவ்வாறு பொறுப்பேற்கிறார் என்பதே இதன் உட்கிடை.

2009 முதல் 2024 வரை நடந்த நான்கு பொதுத்தேர்தல்களிலும் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் வென்ற சசி தரூர் கொண்டுவந்த தனி உறுப்பினர் சட்டமுன்வடிவுகளையும், அவற்றின்மீது நிகழ்ந்த வாக்கெடுப்புகளையும் முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய முற்படுகிறது. ஓர் அரசியலாளரைப் புகழ்வதோ பழிப்பதோ இதன் நோக்கமன்று. பிறர் பொருட்டு அளிக்கப்படும் வாக்கு, அளித்தவர் பெயரோடு பதிவாகும்போதே முழுமையான அறச்செயல் ஆகிறது என்பதே ஈண்டு நிறுவ விழையும் கருத்து.

ஆரியசாலையும் அவையும்

இத்தொகுதியுள் அடங்கிய ஆரியசாலை, சாலைக் கடைத்தெருவை ஒட்டிய பகுதியாகும். தமிழ் வணிகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் இடம் இது. அருகிலுள்ள வலியசாலையை, முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி சுட்டும் காந்தளூர்ச் சாலையோடு இணைத்துக் காண்போர் உளர், மாறுபடுவோரும் உளர். அக்காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு, இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்களுக்கென ஒரு சாலையை ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் நிறுவினான் என்பதைச் செப்பேடு தெரிவிக்கிறது. கூட்டத்தில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும், தவறினால் எவ்வளவு தண்டம் என்பன அச்செப்பேட்டில் எழுதிவைக்கப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது. அவையொழுக்கம் எழுத்தில் பதியவேண்டிய பொருள் என்னும் உணர்வு இந்நிலப்பகுதிக்குப் புதியதன்று என்பதற்கு இது சான்றாகும்.

1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. திருவனந்தபுர நகரில் வாழ்ந்த தமிழர் கேரளத்தின் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். தேர்தல் முடிவைத் தம் எண்ணிக்கையால் மாற்ற இயலாத மக்கட்குழுவுக்குத் தம் சார்பாளர் அவையில் என்ன செய்தார் என்பதை அறிதல் ஏனையோரினும் இன்றியமையாதது. பெரும்பான்மையினர் தம் சார்பாளரைத் தேர்தலில் தண்டிக்க முடியும். சிறுபான்மையினருக்கோ அவரிடம் கேள்வி கேட்கும் உரிமையே பெரும் படைக்கலம். ஆனால் கேள்வி கேட்பதற்குச் செயலின் தடம் வேண்டும். அத்தடம் எஞ்சுகிறதா என்பதே நம்முன் உள்ள சிக்கல்.

மறைவாக்கும் வெளிவாக்கும்

குடிமகனின் வாக்கு மறைவானது. அவன் தேர்ந்தெடுத்த சார்பாளரின் வாக்கு வெளிப்படையானதாக இருத்தல் வேண்டும் என்கிறோம். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? குடிமகன் தன் உரிமையைத் தனக்காகச் செலுத்துகிறான். அவனை அச்சத்தினின்றும் கையூட்டினின்றும் காக்க மறைவு தேவைப்படுகிறது. சார்பாளரோ பிறர் ஒப்படைத்த ஆற்றலைச் செலுத்துகிறார். ஒப்படைத்தவர்க்குத் தெரியாமல் அதனைச் செலவிடும் உரிமை அவருக்கு இல்லை.

1861இல் வெளிவந்த தம் நூலில் ஜான் ஸ்டூவர்ட் மில், குடிமகனின் வாக்குமே ஒரு பொறுப்புரிமைதான், ஆகவே அதுவும் வெளிப்படையாக இருத்தல் வேண்டும் என்று வாதிட்டார். குடிமகனைப் பொறுத்தவரை உலகம் அவர் கருத்தை ஏற்கவில்லை. எனினும் சார்பாளரைப் பொறுத்தவரை அவ்வாதம் இன்றும் வலிமையுடையதே. மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் வெளிப்படையாக வாக்களிக்கவேண்டும் என்னும் விதியை உச்ச நீதிமன்றம் 2006இல் குல்தீப் நய்யார் வழக்கில் செல்லும் என அறிவித்ததும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

தமிழ் மரபிலும் இவ்வேறுபாட்டின் சாயலைக் காணலாம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஓலையில் எழுதிய பெயர் குடத்துள் மறைகிறது; ஆனால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் தேர்வு பெறத் தகுதியற்றவர் என அதே கல்வெட்டு விதிக்கிறது. தேர்வு மறைவில் நிகழலாம், கணக்கு மறைவில் இருத்தல் ஆகாது என்பதே இதன் பொருள். அச்சபை நிலவுடைமையாளரான அந்தணர்க்கு மட்டுமே உரியதாய், பெண்களையும் பிற குலத்தினரையும் விலக்கியதாய் இருந்தது. ஆகவே அதனை இன்றைய மக்களாட்சியோடு சமன்செய்தல் பொருந்தாது. ஆயினும் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பிற்குக் கணக்குத் தரவேண்டும் என்னும் கொள்கை அங்குத் தெளிவாகவே நிற்கிறது.

பதிவாகிய தோல்வி: 2015, 2016

இந்திய நாடாளுமன்றத்தில் அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் சட்டமுன்வடிவு தனி உறுப்பினர் சட்டமுன்வடிவு எனப்படும். மக்களவையில் வெள்ளிக்கிழமை அமர்வின் இறுதி இரண்டரை மணி நேரம் இதற்குரியது. விடுதலைக்குப் பின் இவ்வகையில் 14 முன்வடிவுகளே சட்டமாயின. அவற்றுள் இறுதியானது 1970இல் நிறைவேறியது. ஆகவே ஓர் உறுப்பினர் இத்தகைய முன்வடிவைக் கொண்டுவரும்போது அது சட்டமாகாது என்பதை ஏறத்தாழ அறிந்தே கொண்டுவருகிறார்.

தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு செல்லும் என 2013 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பிரிவை நீக்குவதோ திருத்துவதோ சட்டமன்றத்தின் விருப்பிற்குரியது என்றும் கூறியது. அவ்வழியே 2015 டிசம்பர் 18இல் சசி தரூர், வயதுவந்தோரின் இசைவான உறவைக் குற்றமாகக் கருதாதிருக்கத் திருத்தம் கோரும் முன்வடிவை அறிமுகம் செய்ய அவையின் இசைவை வேண்டினார். தனி உறுப்பினர் முன்வடிவை அறிமுக நிலையிலேயே எதிர்ப்பது வழக்கமன்று. ஆயினும் ஆளுங்கட்சி உறுப்பினர் நிஷிகாந்த் துபே எதிர்ப்புத் தெரிவித்தார். எண்ணி வாக்கெடுக்கும் ‘டிவிஷன்’ முறை பின்பற்றப்பட்டது. ஆதரவு 24, எதிர்ப்பு 71, நடுநிலை 1. 2016 மார்ச் 11இல் அவர் மீண்டும் முயன்றார். ஆதரவு 14, எதிர்ப்பு 58, நடுநிலை 1.

இவ்வெண்களை அறவியல் நோக்கில் படித்தல் வேண்டும். முதலாவதாக, எதிர்த்தோர் மறுத்தது அக்கருத்தை மட்டுமன்று; அக்கருத்தை அவை கேட்பதையே மறுத்தனர். ஒரு வாதத்தைக் கேட்டபின் தள்ளுவது தீர்ப்பு. கேளாமலே தள்ளுவது வேறு. இரண்டாவதாக, 543 தொகுதிகளைக் கொண்ட அவையில் முதல்நாள் வாக்கெடுப்பில் கலந்தோர் 96 பேர். இரண்டாம் முறை 73 பேர். தரூரின் கட்சி 2014 தேர்தலில் 44 இடங்களில் வென்றிருந்தது. பல கட்சியினரையும் சேர்த்தே ஆதரவு 24ஐத் தாண்டவில்லை. ஆகவே அம்முன்வடிவைத் தோற்கடித்தது எதிர்ப்பு மட்டுமன்று, வாராமையும்தான்.

எழுந்து நின்று எதிர்த்துப் பேசியவர், அவர் கருத்தை நாம் ஏற்பினும் ஏலாவிடினும், தம் செயலுக்குப் பொறுப்பேற்றவர் ஆகிறார். அவரோடு வாதிடலாம். வாராதவரோடு வாதிட இயலாது. ஏனெனில் அவர் எதையும் கூறவில்லை. ஆயினும் அவர்தம் கூறாமை முடிவைத் தீர்மானிக்கிறது. பொறுப்பேற்காத விளைவு என்று இதனைக் குறிக்கலாம்.

பதிவாகாத வெற்றி: 2023

2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, வயதுவந்தோரின் இசைவான உறவுக்கு 377ஆம் பிரிவு பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. பின்னர்த் தண்டனைச் சட்டமே மாற்றப்பட்டது. 2024 சூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377க்கு இணையான பிரிவு எதுவும் இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் அறிமுகம் செய்யவும் அவை இசையாத மாற்றத்தை அதே அவை இவ்வாறு நிறைவேற்றியது எனலாம்.

எவ்வாறு நிறைவேற்றியது என்பதே ஈண்டு வினா. அச்சட்டத்தை மக்களவை 2023 டிசம்பர் 20இலும் மாநிலங்களவை மறுநாளும் குரல் வாக்கெடுப்பால் ஏற்றன. அக்கூட்டத்தொடரில் ஈரவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். டிசம்பர் 19இல் இடைநீக்கம் பெற்றவர்களுள் சசி தரூரும் ஒருவர். அப்பிரிவை நீக்க இருமுறை முயன்று தோற்றவர், அது சட்டநூலினின்றும் மறைந்த நாளில் அவையில் இல்லை. மேலும், இணையான பிரிவே இல்லாமையால் ஆண்களும் திருநங்கையரும் இசைவின்றித் துன்புறுத்தப்பட்டால் முன்பிருந்த பாதுகாப்பும் போயிற்றே என்னும் குறை எழுந்தது. இதனை எண்ணிப்பார்த்து வாக்களித்தவர் யாவர், எண்ணாது வாக்களித்தவர் யாவர் என வினவ நமக்கு ஒரு பெயரும் எஞ்சவில்லை.

தோற்ற முன்வடிவின்மேல் ஒவ்வொருவர் பெயரும் பதிந்துள்ளது. வென்ற சட்டத்தின்மேல் எவர் பெயரும் பதியவில்லை. இம்முரணே இக்கட்டுரையின் மையம்.

குரல் வாக்கெடுப்பின் இயல்பு

அவைத்தலைவர் வினாவை முன்வைக்க, உறுப்பினர் ‘ஆம்’ என்றும் ‘இல்லை’ என்றும் ஒலிக்க, ஓங்கிய ஒலியை அவர் அறிவிப்பதே குரல் வாக்கெடுப்பு. பெரும்பாலான சட்டங்கள் இவ்வாறே நிறைவேறுகின்றன. உறுப்பினர் ஒருவர் மறுத்தால் எண்ணி வாக்கெடுத்தல் வேண்டும். ஆயினும் அக்கோரிக்கை தேவையற்றது எனத் தலைவர் கருதின், உறுப்பினரை எழுந்து நிற்கச் செய்து தலைகளை மட்டும் எண்ணலாம். அப்போது பெயர்கள் பதிவாவதில்லை. 2020 செப்டம்பர் 20இல் மாநிலங்களவையில் வேளாண் சட்டங்கள் வந்தபோது திருச்சி சிவா, கே.கே. ராகேஷ் உள்ளிட்டோர் எண்ணி வாக்கெடுக்கக் கோரினர். உறுப்பினர் தத்தம் இருக்கையில் இல்லை என்று கூறி அவையை நடத்தியவர் அதனை ஏற்கவில்லை. குரல் வாக்கெடுப்பால் நிறைவேறிய அச்சட்டங்கள் 2021இல் திரும்பப் பெறப்பட்டன. யார் ஆதரித்தனர் என்னும் ஏடு அவற்றிற்கு இல்லை.

அரசமைப்புத் திருத்தங்களுக்கு இத்தளர்வு இல்லை. சிறப்புப் பெரும்பான்மை தேவைப்படுவதால் எண்ணியே ஆகவேண்டும். 2023 செப்டம்பர் 20இல் மகளிர் இடஒதுக்கீட்டுத் திருத்தத்தை மக்களவை 454க்கு 2 என்னும் கணக்கில் ஏற்றது. அவ்விருவர் யாவர் என்பதையும் நாடு அறியும். ஐக்கிய அமெரிக்க அரசமைப்பு, அவையில் இருப்போருள் ஐந்தில் ஒரு பங்கினர் வேண்டினாலே பெயர்வாரி வாக்கைக் குறிப்பேட்டில் பதியச் செய்கிறது. பிரித்தானியக் கீழவை 1836 முதல் வாக்களித்தோர் பட்டியலை முறையாக வெளியிட்டு வருகிறது. ஆகவே இது இயலாத செயலன்று.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை இவ்விடத்து எண்ணிப்பார்க்கலாம். மன்னனின் பிழை வெளிப்பட்டது கண்ணகியின் சினத்தால் மட்டுமன்று. சிலம்பினுள் இருந்த பரல் முத்தன்று, மாணிக்கம் என்னும் சான்றால். அச்சான்று இல்லையேல் அவள் சொல் வெறும் புலம்பலாகவே முடிந்திருக்கும். ஆட்சியாளரைப் பொறுப்பிற்கு உள்ளாக்குவது உடைத்துப் பார்க்கத்தக்க ஒரு தடயமே. பெயர்ப் பதிவு அத்தகைய பரல்.

எழத்தக்க தடைகள்

இக்கருத்துக்கு மூன்று தடைகள் எழலாம்.

முதல் தடை: வாக்கு உறுப்பினருடையதே அன்று; கொறடாவின் ஆணையே அதனை ஆள்கிறது என்பது. 1985இன் 52ஆம் அரசமைப்புத் திருத்தம், கட்சி ஆணையை மீறி வாக்களிப்பவர் பதவி இழக்க வழிசெய்தது. உச்ச நீதிமன்றம் 1992இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கில் அதனை ஏற்றது. 1774இல் பிரிஸ்டல் வாக்காளரிடம் எட்மண்ட் பர்க், சார்பாளர் தம் தேர்ந்த அறிவை மக்கட்குக் கடமைப்பட்டவர் என வாதிட்டார். 1780இல் அத்தொகுதியை இழந்தார். பர்க் இழந்தது வாக்காளரால். இன்றைய உறுப்பினர் இழப்பது கட்சித் தலைமையால். இத்தடையில் உண்மை உண்டு. ஆனால் அதனாலேயே தனி உறுப்பினர் முன்வடிவு சிறப்புப் பெறுகிறது. பொதுவாகக் கொறடாவின் ஆணை எட்டாத அந்த இரண்டரை மணி நேரத்தில்தான் உறுப்பினரின் சொந்த உள்ளத்தை அறியலாகும். மேலும், ஆணைக்குக் கட்டுப்பட்ட வாக்கும் பதிவாதல் வேண்டும். கட்டுப்படுதலும் ஒரு தெரிவே. 2019 டிசம்பர் 11இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மாநிலங்களவையில் 125க்கு 105 என நிறைவேறியபோது அ.இ.அ.தி.மு.க. உறுப்பினர் ஆதரித்தனர். 2021 தேர்தல் அறிக்கையில் அதே கட்சி, அச்சட்டத்தைக் கைவிட நடுவணரசை வலியுறுத்துவதாகக் கூறியது. இரண்டையும் அருகருகே வைத்து வினவத் தமிழக வாக்காளர்க்கு முடிந்தது. பதிவு இருந்ததே காரணம்.

இரண்டாம் தடை: பெயர் பதிவானால் உறுப்பினர் ஊரார்க்கு அஞ்சி நடப்பர், செல்வாக்கில்லாச் சிறுபான்மையினர்க்காக எவரும் துணியார் என்பது. இது வலிய தடை. 377 வாக்கெடுப்பில் பலர் வாராதிருந்தமைக்கு இவ்வச்சமும் காரணமாகலாம். திருக்குறளின் அமைச்சியல், அவையறிதல், அவையஞ்சாமை என்னும் இரு அதிகாரங்களோடு முடிகிறது. அவையின் இயல்பறிந்தவன் தோற்பதைக் கொண்டுவரமாட்டான்; அவையஞ்சாதவன் தோற்பினும் கொண்டுவருவான். ஒன்றையொன்று இழுக்கும் இவ்விரு பண்புகளையும் வள்ளுவர் அடுத்தடுத்து வைத்துள்ளார். அறிதல் மட்டும் இருப்பின் அது தந்திரம். அஞ்சாமை மட்டும் இருப்பின் அது முரட்டுத்துணிவு. அச்சத்தைப் போக்கும் வழி மறைவிடம் தருதல் அன்று. மறைவில் காட்டும் துணிவால் துன்புறுவோர்க்குத் துணை உண்டு என்னும் செய்தி சென்று சேர்வதில்லை. 24 பெயர்கள் ஏட்டில் இருப்பதே அவர்கட்கு அச்செய்தி.

மூன்றாம் தடை: எண்ணிக்கை அறத்தின் அளவுகோல் ஆகாது என்பது. எத்தனை முன்வடிவு கொண்டுவந்தார், எத்தனை நாள் வந்தார், எத்தனை வினா எழுப்பினார் என்னும் பட்டியல்கள் இன்று பெருகியுள்ளன. நூறு முன்வடிவு கொண்டுவந்தவர் பத்துக் கொண்டுவந்தவரினும் சிறந்தவர் ஆகார். இத்தடையை முழுமையாக ஏற்கலாம். பதிவு தீர்ப்பன்று; தீர்ப்புக்குரிய சான்று மட்டுமே. சான்றைத் தீர்ப்பாகக் கொள்வது பிழை; பிழை நேரும் என்று சான்றையே ஒழிப்பது பெரும்பிழை.

தோற்ற முன்வடிவின் பயன்

சட்டமாகாத முன்வடிவு வீண்முயற்சியா? 2015இல் அதே உறுப்பினர் புகலிடம் குறித்த சட்டமுன்வடிவு ஒன்றையும் அறிமுகம் செய்தார். அகதிகள் குறித்த 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச்சட்டமும் இல்லை. 1983 முதல் தமிழகம் வந்த ஈழத்தமிழர் சட்டத்தின் பிடிமானமின்றி அரசின் அருளையே நம்பி வாழ நேர்ந்தமை நாம் அறிந்ததே. அம்முன்வடிவு 2019இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று. 2022இல் மீண்டும் ஒன்று அறிமுகமாயிற்று. மாநிலங்களவையில் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை முன்வடிவு 2015 ஏப்ரல் 24இல் நிறைவேறியது; 45 ஆண்டுகளில் மாநிலங்களவை ஏற்ற முதல் தனி உறுப்பினர் முன்வடிவு அதுவே. ஆயினும் அது சட்டமாகவில்லை. அரசு தன் முன்வடிவையே கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. முன்னர், சென்னைச் சட்ட மேலவையில் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் கொண்டுவந்த தேவதாசி ஒழிப்பு முன்வடிவு சட்டவடிவம் பெற 1947 வரை காத்திருக்க நேர்ந்தது.

இவற்றால் பெறப்படுவது ஒன்றுண்டு. தோற்ற முன்வடிவு அவையின் நினைவில் ஒரு வினாவை நட்டுவைக்கிறது. ‘யாரும் கேட்கவில்லை’ என்று பின்னாளில் கூறமுடியாதபடி செய்கிறது. கேட்கப்பட்டதும் மறுக்கப்பட்டதும் நாளும் பெயருமாக நிற்கின்றன. நாடாளுமன்ற நடவடிக்கைகளை அச்சமின்றி வெளியிடும் உரிமையைத் தந்ததே ஒரு தனி உறுப்பினர் முன்வடிவுதான் என்பது பொருத்தமானது. ஃபெரோஸ் காந்தி கொண்டுவந்து 1956இல் சட்டமான அது, நெருக்கடி நிலையின்போது 1976இல் நீக்கப்பட்டு 1977இல் மீட்கப்பட்டது. ஆட்சி கேள்வியை வெறுத்த காலத்தில் பதிவைக் காத்த சட்டத்தையே நீக்கியது என்பது எண்ணத்தக்கது.

முடிவுரை

சார்பாளரின் வாக்கு அவருக்கு மட்டும் உரியதன்று. கட்சிக்கு மட்டும் உரியதன்று. மக்களுக்கு மட்டும் உரியதும் அன்று. மக்கள் ஒப்படைத்த ஆற்றலைக் கட்சியின் கட்டுக்குள் நின்று தம் அறிவால் செலுத்தும் செயல் அது. இம்மூன்றனுள் எதன் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் செலுத்தப்பட்ட முறை தெரியாதாயின் அவ்வேறுபாட்டைப் பேசவும் இடமில்லை. அந்நிலையில் பொறுப்பு என்னும் சொல்லே பொருளற்றதாகிறது.

ஆகவே சட்டமாகும் ஒவ்வொரு முன்வடிவின் இறுதி ஏற்பும் பெயர்வாரியாகப் பதிவாதல் வேண்டும் என்பது நடைமுறை வசதி பற்றிய கோரிக்கை மட்டுமன்று, அறக்கோரிக்கையும் ஆகும். இன்று அவையில் மின்கருவி வழி வாக்களிக்கச் சில நிமிடங்களே போதும். அந்நிமிடங்களைச் செலவிட மறுப்பது காலச்சிக்கனம் ஆகாது. மொழியால் சிறுபான்மையராய் ஆரியசாலையில் வாழும் ஒரு வணிகர்க்கும், முகாமில் வாழும் ஓர் ஈழத்தமிழர்க்கும், சட்டத்தால் குற்றவாளியாக்கப்பட்டிருந்த ஓர் இளைஞர்க்கும் அவையில் பெரும்பான்மை இல்லை. அவர்கட்காக எழுந்தவர் யார், எதிர்த்தவர் யார், வாராதிருந்தவர் யார் என்பதை அறியும் உரிமையாயினும் அவர்கட்கு இருத்தல் வேண்டும். ஒலி அடங்கியபின் எஞ்சுவது ஏட்டில் உள்ள பெயரே.